மருதாணி சிவக்கும் முன்

அத்தியாயம் பதினேழு

எங்கள் வீட்டுப் பெண் சினிமாவில் நடிக்கிறாள் என்பதை நான் யாரிடமும் குரலைத் தாழ்த்திச் சொன்னதில்லை. கேட்பவர்கள்தான் தாழ்த்திக் கேட்பார்கள். கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் காலனியில் அப்படிச் சிலர் உண்டு.

"உங்க தம்பி பொண்ணு இன்னும் அந்த லைன்லதான் இருக்காளா?"

"லைன் இல்லை, தொழில்" என்பேன். அதற்குமேல் பேச்சு வளராது.

நாத்தனார் முடிச்சுச் சண்டை சென்ற வாரத்தோடு ஓய்ந்துவிட்டது என்று உங்களைப் போலவே நானும் நம்பியிருந்தேன். தாலியில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவது. மற்ற இரண்டும் அவன் உடன்பிறந்தவள் போடுவது. என் தம்பி மகன் ஜெயகிருஷ்ணனுக்கு உடன்பிறந்தவள் ஸ்ம்ருதி ஒருத்திதான். முப்பத்தாறு வயதாகியும் கல்யாணம் ஆகாதவள், அதிலும் நடிகை, அவள் முடிச்சுப் போடலாமா என்று பெண்ணின் பெரியம்மா கங்கையம்மாள் கேட்டார். "எங்க வீட்டு முறையை எங்க வீட்டுல கேட்டுக்கறோம்" என்று நான் சொன்னதும் பெண்ணின் அம்மா புஷ்பலதா பதறிப்போய்ச் சமாதானம் பேசினாள். தம்பியும் அவன் மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்ட வீட்டில் மூத்தவள் நான். என் சொல் நின்றது.

நாளை மறுநாள் பல்லாவரம் மண்டபத்தில் முகூர்த்தம். இன்று கோவிலம்பாக்கத்தில் பெண் வீட்டு மொட்டைமாடியில் மருதாணி. இப்போது அதை மெஹந்தி ஃபங்ஷன் என்கிறார்கள்.

ஸ்ம்ருதி காலையில் படப்பிடிப்பு நடக்கும் மீனவக் குப்பத்திலிருந்து நேராக வந்தாள். இரண்டு நாளாக விடியலுக்கு முன்பே கடற்கரையில் நிற்கிறாள். இன்று ஒரு நாள் மட்டும் அவளுக்கு விடுப்பு. கூட்டமாகச் செல்ஃபி எடுக்க வந்த பெண்களோடு சிரித்து நின்றாள். மணப்பெண் ஜெயஸ்ரீயின் கன்னத்தைக் கிள்ளினாள். இரண்டு வாய் பொங்கல் சாப்பிட்டாள். பந்தல் ஓரத்து நாற்காலியில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிவிட்டாள்.

நான் மாடிப்படிக் கதவருகே இருந்தேன். என் கணவர் போய் இருபத்துமூன்று வருடமாகிறது. மங்கல காரியங்களில் ஓரமாகத்தான் உட்காருவேன். யாரோ சொல்லி ஒதுங்குவது அவமானம். சொல்வதற்கு இடம் வைக்காமல் நானே ஒதுங்கிக்கொள்வது என் மரியாதை.

காபி ஆறிப்போய் வருகிறதே என்று சமையல்காரரைக் கேட்கக் கீழே இறங்கினேன். திரும்பி வந்தபோது ஸ்ம்ருதியின் இடது உள்ளங்கையில் ஒரு மயில் தோகை விரித்திருந்தது. மணிக்கட்டு வரை கொடி ஓடியிருந்தது. மருதாணி போட வந்த அமலராணி வலது கைக்குக் கோனைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"அவளைக் கேட்டீங்களா?" என்றேன்.

"தூங்கறப்பவே வச்சுடுன்னு நான்தான் சொன்னேன்" என்றார் கங்கையம்மாள். முகத்தில் அன்றுதான் முதல்முறையாக ஒரு மலர்ச்சி. "முழிச்சா வேணாம்னுவா. எங்க பொண்ணுக்கு முடிச்சுப் போடற கை வெறுங்கையா இருக்கலாமா சம்பந்தியம்மா? சண்டை போட்டவ நான். நானே வைக்கச் சொன்னா அவளுக்கும் மனசு குளிரும்."

நல்ல எண்ணத்தில் செய்தது. கோபித்துக்கொள்ள இடமில்லை.

ஸ்ம்ருதி கண் விழித்தாள். கையைப் பார்த்தாள்.

"ரொம்ப அழகாப் போட்டிருக்கேம்மா" என்றாள் அமலராணியிடம். "வச்சு எவ்வளவு நேரமாச்சு?"

"அரை மணி இருக்கும்க்கா."

எழுந்து குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவத் தொடங்கினாள்.

"ஐயையோ, கழுவறாளே!" என்று புஷ்பலதா ஓடினாள். "என்னம்மா, பிடிக்கலையா? பச்சையிலேயே கழுவினா நல்லதில்லைம்மா!"

"பிடிச்சிருக்கு ஆன்ட்டி. நாளைக்கு ஷூட்டிங் இருக்கு. நேத்துப் பாதி எடுத்த சீன். நேத்து என் கை வெறுங்கை. நாளைக்கு மயில் இருந்தா எப்படி?"

மயில் போகவில்லை. இளம் ஆரஞ்சு நிறத்தில் உள்ளங்கையில் அப்படியே நின்றது. யாரோ எலுமிச்சம்பழம் கொண்டுவந்தார்கள். யாரோ பற்பசை கொண்டுவந்தார்கள். அமலராணி அழுதுவிடுவாள் போலிருந்தாள்.

"தேய்க்காதீங்கக்கா. தேய்ச்சாலும் போகாது. இப்ப வெளிறித் தெரியும், நாளைக்குத்தான் நல்லாச் செவக்கும்."

ஸ்ம்ருதி கையைத் துடைத்துக்கொண்டு டைரக்டரைக் கூப்பிட்டாள். ஹேமநாத் என்று ஒருவர். அவருடைய மூன்று படங்களில் இவள் நடித்திருக்கிறாள்.

"ஹேமநாத், நாளைக்கு எடுக்கறதை இன்னிக்கு எடுத்துடலாமா? யூனிட் அங்கேதானே இருக்கு? என் கையில மருதாணி வச்சுட்டாங்க... இல்லை, திட்டாதீங்க. அன்பா வச்சுட்டாங்க... இடது கை. ஆமா, க்ளோசப் கைதான்."

கேமராமேனை விசாரித்துவிட்டு அவர் திரும்ப அழைத்தார். இன்றைய வெளிறிய நிறத்தைச் சமாளித்துவிடலாமாம். சிவந்துவிட்டால் முடியாதாம். நாளையோடு அந்தக் குப்பத்தில் படப்பிடிப்பும் முடிகிறது.

"சாயங்காலம் நலங்கு இருக்கேம்மா" என்றாள் புஷ்பலதா. "சொந்தக்காரங்க எல்லாம் உன்னைப் பார்க்கத்தான் வர்றாங்க."

"முடிச்சுட்டு ஓடி வந்துடறேன் ஆன்ட்டி."

"அப்படி என்ன தலைபோற சீன்?" என்று கேட்டார் கங்கையம்மாள்.

ஷூட்டிங் என்றால் ஷூட்டிங் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். தன் வேலையைப் பற்றி அவள் பொய் சொல்வதில்லை.

"செத்துப்போன புருஷன் பக்கத்துல உட்கார்ந்திருக்கிற சீன் பெரியம்மா."

கங்கையம்மாளின் முகத்து மலர்ச்சி போய்விட்டது.

"நாளன்னைக்குத் தாலி முடியப் போறவ, இன்னிக்குத் தாலி அறுக்கப் போறியா?"

நான் எழுந்தேன். "கங்கையம்மா, வாயை அளந்து பேசுங்க."

"நான் என்ன தப்பா சொல்லிட்டேன்? விதவை வேஷம் போட்ட கையோட வந்து என் பொண்ணு கழுத்தைத் தொடணுமா?"

"அது அவ வேலை. உங்க வீட்டு மாப்பிள்ளை கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ற மாதிரி."

இதுவரை நான் ஸ்ம்ருதியின் படப்பிடிப்புக்குப் போனதே இல்லை. போனால் காவலுக்கு வந்திருக்கிறாள் என்பார்கள். எங்கள் பெண்ணுக்குக் காவல் தேவையில்லை. ஆனால் அன்று அவளைத் தனியாக அனுப்பியிருந்தால் கங்கையம்மாளின் பேச்சை நானும் ஒப்புக்கொண்டதாக ஆகியிருக்கும். செருப்பை மாட்டிக்கொண்டு அவள் காரில் ஏறினேன்.

கார் மேடவாக்கம் தாண்டியது. அவள் இடது கையை மடியில் மல்லாத்தி வைத்திருந்தாள்.

அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கல்லூரி நாடகத்தில் ஆரம்பித்தவள். சினிமாவுக்குப் போகிறேன் என்றபோது என் தம்பி சுப்ரமணியன் ஒரு வாரம் சாப்பாட்டை ஒதுக்கினான். போவதானால் அப்பன் இனிஷியலோடு போகட்டும் என்று நான்தான் முடிவு சொன்னேன். இன்றுவரை திரையில் 'எஸ். ஸ்ம்ருதி' என்றுதான் வரும். கதாநாயகிக்கு எதற்கு இனிஷியல் என்று எத்தனையோ பேர் கேலி செய்தார்கள். இனிஷியல் அம்மா என்று பட்டப்பெயரே வைத்தார்கள். அவள் மாற்றவில்லை.

முதல் ஏழு வருடம் கதாநாயகனின் தங்கை வேஷம்தான். படத்துக்கு ஒருமுறை அவளுக்குக் கல்யாணம் நடக்கும், அண்ணன் அழுவான். நிஜத்தில் மட்டும் நடக்கவில்லை. தமிழ் பேசும் பெண்ணுக்கு இரவல் குரல் கொடுத்தார்கள். ஒரு படத்தில் அவளே பேச வேண்டும் என்று நின்றாள். "சொந்தக் குரல்ல பேசினா எடுபடாது" என்றார்கள். "எடுபடலைன்னா என்னையும் எடுத்துடுங்க" என்றாள். அந்தக் குரலுக்குத்தான் பிறகு விருது வந்தது.

முப்பது வயது தாண்டியதும் அம்மா வேஷத்துக்குக் கூப்பிட்டார்கள். வேண்டாம் என்று இரண்டு வருடம் வீட்டில் இருந்தாள். தினமும் காலையில் குளித்து, தலைவாரி, வேலைக்குப் போகிறவளைப் போலவே தயாராகி உட்காருவாள். ஒருநாளும் புலம்பிக் கேட்டதில்லை. லாரி புக்கிங் ஆபீஸில் வேலை செய்யும் பெண்ணாக நடிக்க ஹேமநாத் வந்து கேட்டார். அந்தப் படத்துக்குப் பிறகு தாம்பரம் ஸ்டேஷனில் ரசிகர் கூட்டத்தால் அவளால் நடக்க முடியவில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய குப்பம் அது. மணலில் ஒரு படகைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அதன் நிழலில், நனைந்த சட்டையும், தேங்காய் எண்ணெய் பூசி மணல் ஒட்டிய உடம்புமாகப் பிணம் ஒன்று டீ குடித்துக்கொண்டிருந்தது.

"வணக்கம்மா. நான் சிட்டிபாபு" என்றது. "எழுந்து கும்பிடலாம்னா மண்ணு உதிர்ந்துடும். நேத்து இருந்த இடத்துலேயே மண்ணு இருக்கணும். கன்டினியுட்டி."

கூட்டமாக நிற்பதற்குக் குப்பத்துப் பெண்களே வந்திருந்தார்கள். மீன் விற்கிறவர்கள். அவர்களில் அங்காளம்மாள் என்பவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னா பெரிம்மா, உனுக்கு இன்னா வேசம்?"

"நான் நடிக்க வரலை."

"நீ ஒண்ணும் நடிக்கவே வாணாம். இந்த மொறப்புக்கே துட்டு குடுப்பாங்கோ."

மற்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஆனாலும் அவள் எனக்கு உட்காரத் தன் கூடையைக் கவிழ்த்துப் போட்டாள்.

"உன் பொண்ணா அது?"

"என் தம்பி பொண்ணு."

"நல்லா வளத்துக்கீறே. நேத்து வெயில்ல நின்னுகினே கீது, ஒரு கொடை கேக்கலை. எங்களுக்கு மோர் குட்த்தாங்களான்னு கேட்டுட்டுத்தான் அது குட்ச்சது."

ஸ்ம்ருதி வந்தாள். வெளுத்த நைலக்ஸ் புடவை, கலைந்த கொண்டை. பொட்டு இருந்த இடத்தில் அதன் தடம் மட்டும். மேக்கப்மேன் இடது கையில் ஏதோ பூசியிருந்தார். மயில் மங்கலாகத் தெரிந்தது. கேமராமேன் குனிந்து பார்த்து, "வெயில் இறங்கறதுக்குள்ள முடிச்சுடணும் மேடம்" என்றார்.

"ஒரே டேக்ல முடிச்சுடலாம்" என்றாள்.

அவள் சிட்டிபாபுவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். யாரோ 'ஆக்ஷன்' என்றார்கள்.

மாரில் அடித்துக்கொண்டு அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கணவனை வைதாள். காலையில் கஞ்சி குடிக்காமல் போனதற்கு, சொன்ன பேச்சைக் கேட்காததற்கு, நேற்று வாங்கிய புதுக் கயிற்றை எங்கே போட்டாய் என்று. தினமும் திட்டுகிற அதே குரல். திட்டிக்கொண்டே அவன் புருவத்து மணலைக் கட்டைவிரலால் துடைத்தாள். சட்டையின் மேல்பட்டன் திறந்திருந்தது. இடது கையால் காலரைச் சேர்த்துப் பிடித்து, வலது கையால் அந்தப் பட்டனைப் போட்டாள். போட்டுவிட்டு, சரியாக இருக்கிறதா என்று தலையைச் சற்றுப் பின்னால் இழுத்துப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவளிடம் பேச்சு வரவில்லை.

நான் கூடையை விட்டு எழுந்துவிட்டேன்.

இருபத்துமூன்று வருடத்துக்கு முன் எங்கள் வீட்டுக் கூடத்தில் என் கணவரைக் கிடத்தியிருந்தபோது நான் அழவில்லை. கல்நெஞ்சக்காரி என்று பேசினார்கள். அவர் சட்டையின் மேல்பட்டன் திறந்திருந்தது. ஒருநாளும் அப்படி வெளியே போகாத மனிதர். நான் பட்டனைப் போட்டுவிட்டு, சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். அந்தக் கூட்டத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி கதவோரம் நின்று கவனித்திருக்கிறாள்.

"கட்" என்றார்கள். அங்காளம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். பிணம் கண்ணைத் துடைத்துக்கொண்டது. "மேடம், செத்தவனையே அழ வச்சுட்டீங்க" என்றது.

திருஷ்டிப் பூசணிக்காயைச் சுற்றி மணலில் உடைத்தார்கள். விதவையாகவோ பிணமாகவோ நடித்தவர்களுக்கு அப்படிச் செய்வது சினிமாக்காரர்களின் வழக்கமாம். அந்தச் சினிமாக்காரர்களின் ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது.

ஸ்ம்ருதி என்னிடம் வந்தாள். அத்தனை பேர் பாராட்டியும் முகம் தெளியவில்லை. என் பதிலுக்காக நின்றாள்.

"பட்டன்..." என்றேன்.

"உங்ககிட்ட எடுத்ததுதான் அத்தை. கேட்டிருக்கணும். கேட்டா வேண்டாம்னு சொல்லிடுவீங்களோன்னு பயம். கோபமா?"

"அன்னிக்குக் கல்நெஞ்சக்காரின்னாங்க" என்றேன். "இன்னிக்கு இத்தனை பேர் அழறாங்க. நல்லாப் பண்ணினே."

அவளுடைய முதுகில் கை வைத்தேன். எங்கள் வீட்டில் அது பெரிய விஷயம்.

அப்போதுதான் என் போன் அடித்தது. புஷ்பலதா. காற்றுச் சத்தத்தில் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போட்டாள் ஸ்ம்ருதி.

"சம்பந்தியம்மா, தப்பா எடுத்துக்கக் கூடாது. எனக்கு ஒண்ணுமில்லை. ஆனா அக்கா ஒரே பிடிவாதமா இருக்காங்க. விதவைக் கோலத்துல உட்கார்ந்துட்டு வந்த கை தாலியைத் தொடக் கூடாதாம். சொந்தக்காரங்களும் அதையேதான் சொல்றாங்க. உங்க பக்கத்துலேயே சுமங்கலியா, ஒண்ணுவிட்ட தங்கச்சி யாராவது..."

"என் வீட்டு முடிச்சை என் வீட்டுப் பொண்ணுதான் போடுவா" என்றேன். "அதுல மாற்றம் இல்லை. அவ போடலைன்னா மண்டபத்துல நானும் இருக்க மாட்டேன்."

"அப்படிச் சொல்லாதீங்க சம்பந்தியம்மா. ஜெயஸ்ரீ அழறா. மாப்பிள்ளை முகத்தைப் பார்க்கவே முடியலை. ஒரு நாள் சமாச்சாரம். கொஞ்சம் விட்டுக்கொடுங்களேன்."

"விட்டுக்கொடுக்க இது மண்டப வாடகை இல்லை."

ஸ்ம்ருதி என் கையிலிருந்து போனை மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"ஆன்ட்டி, ஸ்ம்ருதி பேசறேன். நான் முடிச்சுப் போடலை. பெரியம்மாகிட்ட சொல்லிடுங்க. ஜெயஸ்ரீயை அழ வேண்டாம்னு சொல்லுங்க."

இரண்டு வாரமாக நான் நிமிர்ந்து நின்றதெல்லாம் எதற்காக? "ஸ்ம்ருதி!" என்று அதட்டினேன். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்ல பொண்ணும்மா நீ!" என்று அந்தப் பக்கம் புஷ்பலதா பெருமூச்சு விட்டாள். "புரிஞ்சுக்குவேன்னு எனக்குத் தெரியும். அப்ப வேற யாரு போடறது?"

"ஒரு மணி நேரம் வேஷம் போட்ட என் கையே ஆகாதுன்னு சொல்றீங்க. நிஜமா இருபத்துமூணு வருஷம் அப்படியே வாழ்ந்தவங்க எங்க வீட்டுல இருக்காங்களே, அவங்களை நாளன்னைக்கு எங்கே உட்கார வைக்கப் போறீங்க? இன்னிக்கு மாதிரி மாடிப்படிப் பக்கமா?"

ஸ்ம்ருதி போனை வாய்க்கு இன்னும் அருகே கொண்டுபோனாள்.

"எங்க அம்மா கழுத்துல நாத்தனார் முடிச்சுப் போட்டது எங்க அத்தைதான். எங்க அம்மா பூவும் பொட்டுமாத்தான் போனாங்க. அதைவிட ராசியான கை எங்க வீட்டுல கிடையாது. ஜெயஸ்ரீக்கும் அவங்களே போடட்டும். சம்மதமா ஆன்ட்டி?"

அலை வந்து பூசணிக்காய்ச் சிதறலை இழுத்துக்கொண்டு போனது. அங்காளம்மாளும் மற்றவர்களும் கூடைகளை எடுக்காமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

போனில் சற்றுத் தொலைவில் கங்கையம்மாளின் குரல் உரக்க எழுந்தது. என்ன சொன்னார் என்று புரியவில்லை. அதற்கும் மேலாக இன்னொரு குரல், இளம் குரல், "நீங்க சும்மா இருங்க பெரியம்மா" என்றது. ஜெயஸ்ரீ.

பிறகு புஷ்பலதா மறுபடி பேசினாள். மரியாதையாகத்தான் கேட்டாள்.

"எங்க பொண்ணு சரின்னு சொல்றாம்மா. சம்பந்தியம்மா சம்மதிப்பாங்களா? அவங்க வாயால கேட்கணும்."

ஸ்ம்ருதி போனை என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.